நல்ல கையும் முழுசாக நல்ல கை இல்லை: பக்கவாதம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பக்கவாதம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையைப் பற்றியவை. நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, இந்தக் கை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்ற ஆதங்கம் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. அதனால் இந்த முறை கை மட்டும்தான்.

கேள்வி: அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 4 மாதம் ஆகிறது. வலது கை வராதது புரிகிறது. ஆனால் இடது கையாலும் சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறார், தம்ளரை எடுக்கப் போய்த் தட்டிவிடுகிறார். "அந்தக் கை நல்லாத்தானே இருக்கு, முயற்சி பண்ணுங்கப்பா" என்றால் கோபம் வருகிறது. இது சோம்பலா, மனச்சோர்வா?

பதில்: அப்பாவின் கோபம் நியாயமானது. முதலில் அதை ஒப்புக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இடப்பக்க மூளை வலது கையை ஆட்டும், வலப்பக்க மூளை இடது கையை ஆட்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம். முகுளத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது அவற்றில் 85 முதல் 90 சதவீதம் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடும், மீதி தாண்டாமல் அதே பக்கமாக இறங்கும். தாண்டாத இந்த இழைகள் பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதிக்கும் தோளைச் சுற்றிய தசைகளுக்கும் போகிறவை, விரல் நுனி வேலைக்கு அவற்றால் பெரிய உதவி கிடையாது. ஆகவே அப்பாவின் இடது கை திணறுவதற்கு இழைக்கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, அசைவைத் திட்டமிடும் வேலையை இரண்டு பக்கமும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மேசையில் இருக்கும் தம்ளரை எடுக்கக் கையை நீட்டுகிறீர்கள். முழங்கை நீளும்போதே அந்த வீச்சு தோளைப் பின்னுக்குத் தள்ளும். கை புறப்படும் முன்பே மூளை அதைக் கணக்குப் போட்டுத் தோளுக்கு எதிர்விசை சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நேராகப் போகாமல் வளைந்து போகும். இது முதல் வேலை. தம்ளர் அருகே போனதும் நிற்க வேண்டும், யாராவது மேசையை இடித்தாலும் ஆடாமல் நிற்க வேண்டும். இது இரண்டாவது வேலை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் செயின்பர்க் 2002ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: வலது கைக்காரர்களுக்கு முதல் வேலையில் இடப்பக்க மூளை கெட்டி, இரண்டாவது வேலையில் வலப்பக்க மூளை கெட்டி. ஆணி அடிக்கும்போது பாருங்கள், வலது கை சுத்தியலை வீசுகிறது, இடது கை ஆணியை அசையாமல் பிடிக்கிறது. இடது கையை "திறமை இல்லாத கை" என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம், அதன் திறமை வேறு மாதிரி, அவ்வளவுதான்.

சரி, இதற்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? இந்த இரண்டு வேலைகளும் இரண்டு கைக்கும் தேவை. இடது கை தம்ளரை நோக்கிப் புறப்படும்போதும் இடப்பக்க மூளையின் கணக்கு அதற்கு வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைதான் இப்போது படுத்திருக்கிறார்.

செயின்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் பக்கவாதம் வந்தவர்களின் நல்ல கையை உணரிகள் பொருத்தி அளந்தார்கள். இடப்பக்க மூளை அடிபட்டவர்களின் இடது கை புறப்படும் திசையிலேயே தப்பு செய்தது. வலப்பக்கம் அடிபட்டவர்களின் வலது கை ஒழுங்காகப் புறப்பட்டு, போய்ச் சேரும் இடத்தில் பிசகியது. நான் கருவி எதுவும் இல்லாமல் ஒரு அரைகுறைச் சோதனை செய்வதுண்டு. காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, நல்ல கையில் பேனாவைக் கொடுத்து, மடியிலிருந்து ஒரே வீச்சில் புள்ளியைத் தொடச் சொல்வேன். ஒருவர் பேனாவைப் பக்கவாட்டில் கிளப்பி, பாதி வழியில் வளைத்துத் திருத்தி, கடைசியில் புள்ளியைத் தொட்டுவிடுவார். இன்னொருவர் அம்பு மாதிரிப் போய், புள்ளிக்கு அரை விரல் தள்ளி இறங்கி, அங்கேயே லேசாக ஆடிக்கொண்டிருப்பார். எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தெரிகிறபோது, ஸ்கேனைப் பார்க்காமலே அடி எந்தப் பக்கம் என்று மனசு சொல்லிவிடும்.

இன்னொன்றும் இருக்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹூகோ லீப்மன் 1905ல் வலது பக்கம் செயலிழந்த 41 பேரின் இடது கையைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கையால் சைகைகளைச் சரியாகச் செய்யத் தெரியவில்லை. இடது பக்கம் செயலிழந்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இதற்கு அப்ராக்சியா என்று பெயர். சீப்பைக் கையில் கொடுத்தால் அது என்னவென்று தெரியும், கையில் வலுவும் இருக்கும், ஆனால் பல் துலக்குவது போல அதைப் பிடிப்பார்கள். அப்பாவிடம் இந்த மாதிரி ஏதாவது பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சிகிச்சையாளரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

மனச்சோர்வையும் தள்ளிவிட வேண்டாம், பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. ஆனால் பொத்தான் போடாததற்கு முதல் காரணமாக அதைப் பிடிக்காதீர்கள். இடது கைக்கும் தனியாகப் பயிற்சி கேட்டு வாங்குங்கள். சிகிச்சை நேரம் முழுவதும் விழுந்த கைக்கே போய்விடுகிறது, வீட்டுக்குப் போனதும் எல்லா வேலையும் நல்ல கை தலையில் விழுகிறது. எங்கள் தொழிலில் இது ஒரு பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மூளையின் ஒரு பக்கம் எதிர்ப்பக்கத்தை ஆள்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார்?

பதில்: தலையில் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கத்தில் வலிப்பு வருவதைக் கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் குறிப்புகளே சொல்கின்றன. நரம்பிழைகள் குறுக்கே தாண்டும் இடத்தை இத்தாலியின் மிஸ்டிகெல்லி 1709லும், பிரான்சின் பூர்ஃபூர் து பெத்தி 1710லும் எழுதினார்கள். 1870ல் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நாயின் மூளைப்பரப்பில் லேசான மின்சாரம் கொடுத்து எதிர்ப்பக்கத் தசைகள் துடிப்பதைக் காட்டிய பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு பக்கம் எதிர்ப்பக்கத்துக்கு மட்டும்தான் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்கத்தான் இவ்வளவு நாளாகிறது.

கேள்வி: அம்மாவுக்கு வலப்பக்க மூளையில் ரத்தக்கசிவு. இடது கை பலவீனம்தான், ஆனால் சொன்னால் தூக்குகிறார், மடக்குகிறார். சொல்லாவிட்டால் அந்தக் கை இருப்பதையே மறந்துவிடுகிறார். சக்கர நாற்காலியின் சக்கரத்தில் கை உரசிக்கொண்டே வந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அண்ணன் கேட்கிறார்.

பதில்: அண்ணனிடம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து நீளமாக ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அம்மாவிடம் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். குறி நடுவை விட்டு வலது பக்கம் நன்றாகத் தள்ளி விழுந்தால் அண்ணனுக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும். அம்மாவின் மனக்கணக்கில் கோட்டின் இடது பாதி சுருங்கிப்போயிருக்கிறது, அவருடைய இடது கையும் அந்தச் சுருங்கிய பாதியில்தான் இருக்கிறது. இதை நெக்லெக்ட் என்பார்கள், புறக்கணிப்பு என்று தமிழில் சொன்னால் ஏதோ வேண்டுமென்றே செய்வது போல ஒலிக்கிறது, அதனால் அந்தச் சொல்லை நான் நோயாளி வீட்டில் பயன்படுத்துவதில்லை.

இது வலப்பக்க மூளை அடிபட்டால் ஏன் அதிகம்? பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: இடப்பக்க மூளை பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலப்பக்க மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் சமாளித்துக்கொள்ளும். வலப்பக்கம் போனால் இடது பக்கத்தைப் பார்க்க ஆள் இல்லை.

இந்த நிலையில் கைக்கு வலு ஏற்றும் பயிற்சியை மட்டும் அடுக்கிக்கொண்டே போவதில் பலன் குறைவு. கண்ணும் கழுத்தும் இடது பக்கம் திரும்பிப் பழக வேண்டும். மேசையின் இடது விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டி, எது செய்யும் முன்பும் "பட்டையைப் பார்த்துட்டு வாங்கம்மா" என்று சொல்லுங்கள். கையை எப்போதும் அவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் பலகை மேல் வையுங்கள். சக்கரத்துக்கு உறை போட்டுவிடுங்கள், அது இன்றைக்கே.

கேள்வி: நல்ல பக்கத்து மூளை, அடிபட்ட பக்கத்தை எழவிடாமல் அமுக்குகிறது என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னார். நல்ல பக்கத்தை அடக்கி வைக்கக் காந்தச் சிகிச்சை தரலாமாம். செலவு அதிகம். செய்யலாமா ஐயா?

பதில்: கேட்க அழகான கதை. நானும் ஒரு காலத்தில் நம்பி வகுப்பெடுத்திருக்கிறேன்.

கதையின் வேர் உண்மையானது. இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலத்தில் சுமார் 20 கோடி இழைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக ஒரு பக்கம் மறுபக்கத்தை அடக்கி வைக்கவும் முடியும். நீங்கள் வலது கையால் எழுதும்போது இடது கை கூடவே ஆடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கையை அசைக்கப் போகும் கணத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இந்த அடக்குமுறை தளர வேண்டும். பக்கவாதம் வந்து நாளானவர்களிடம் அது தளரவில்லை என்று 2004ல் ஒரு ஆய்வு காட்டியது. உடனே எல்லோரும், நல்ல பக்கத்தைக் காந்தத் தூண்டலால் மட்டுப்படுத்தினால் அடிபட்ட பக்கம் எழுந்துகொள்ளும் என்று கிளம்பினார்கள். சின்னச் சின்ன ஆய்வுகளில் பலன் தெரிந்தது போலவும் இருந்தது.

அப்புறம் 199 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது, முடிவு 2018ல் வெளியானது. ஒரு குழுவுக்கு உண்மையான காந்தத் தூண்டல், இன்னொரு குழுவுக்குப் போலித் தூண்டல், இரண்டு குழுவுக்கும் கைப்பயிற்சி. 6 மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறியிருந்தார்கள். பயிற்சி வேலை செய்தது, காந்தம் கூடுதலாக எதையும் தரவில்லை. 2019ல் வந்த இன்னொரு ஆய்வு நோயாளிகளை முதல் வாரங்களிலிருந்து ஒரு வருடம் வரை பின்தொடர்ந்தது. கை மோசமாக இருந்த ஆரம்ப வாரங்களில் அந்த அமுக்கலே இல்லை, பிற்பாடுதான் தலைகாட்டியது. பலவீனம் முன்னால் வந்து அமுக்கல் பின்னால் வந்தால், அமுக்கல்தான் பலவீனத்துக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதைவிட முக்கியமான விஷயம், சிலருக்கு நல்ல பக்கம்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் நிபுணர் 1992ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒரு பக்கம் பக்கவாதம் வந்து தேறியவர்கள் அவர்கள். பிறகு மூளையின் மறுபக்கத்தில் இரண்டாவது அடி விழுந்தபோது, புதிதாகப் பாதிக்கப்பட வேண்டிய பக்கத்தோடு சேர்த்து, ஏற்கெனவே தேறியிருந்த பழைய பக்கமும் மறுபடி விழுந்தது. அப்படியானால் அந்தப் பழைய பக்கம் அதுவரை யார் தயவில் அசைந்துகொண்டிருந்தது? சேதம் சின்னதாக இருந்தால் அடிபட்ட பக்கமே மிச்சமிருக்கும் இழைகளை வைத்துத் தேற்றிக்கொள்கிறது, ஸ்கேனில் பார்த்தாலும் நன்றாகத் தேறியவர்களிடம் மூளையின் செயல்பாடு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். சேதம் பெரிதாக இருந்தால் நல்ல பக்கத்தின் கைத்தாங்கல் தேவைப்படுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் இப்போது கருதுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் நல்ல பக்கத்தை அடக்குவது முட்டுக்கொடுத்த கட்டையை உருவுகிற மாதிரி.

அமெரிக்காவில் 2021ல் அனுமதி பெற்ற ஒரு கருவி நேர் எதிர் வழியில் போகிறது. தலையில் மாட்டும் அந்தக் கருவி, நோயாளி விழுந்த கையை அசைக்க நினைக்கும்போது நல்ல பக்கத்து மூளையில் எழும் சமிக்ஞையைப் பிடித்து, கையில் மாட்டிய இயந்திரத்தால் விரல்களைத் திறந்து மூடுகிறது. அடக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், அதையே கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று இன்னொரு கூட்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பணத்தைக் கூடுதல் பயிற்சி நேரத்துக்குச் செலவழியுங்கள். ஆய்வின் பகுதியாக, பணம் வாங்காமல், விவரம் சொல்லித் தருகிறார்கள் என்றால் யோசிக்கலாம்.

கேள்வி: கணவருக்குத் தோள் நன்றாக அசைகிறது. ஆனால் கையைத் தூக்கினாலே முழங்கை மடங்கி விரல்கள் இறுகிக்கொள்கின்றன. விரல் மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். அவரை மேசை முன்னால் உட்கார வைத்து, கை முழுவதும் மேசை மேல் படியும்படி வைத்து, அடியில் ஒரு வழுக்கும் துணியைப் போட்டு, முன்னால் இருக்கும் பொருளை நோக்கிக் கையைத் தள்ளச் சொல்லுங்கள். முழங்கை ஓரளவு நீளும். இப்போது அதே பொருளை நோக்கிக் கையைக் காற்றில் தூக்கி நீட்டச் சொல்லுங்கள். நீளாது, மடங்கும். அதே முழங்கை, அதே தசை, தோள் சுமை ஏற்றதும் கதை மாறிவிடுகிறது.

குறுக்கே தாண்டும் அந்தப் பெரும் பாதை சேதமானதும், உடம்பு மூளைத்தண்டிலிருந்து இறங்கும் ஒரு பழைய பாதையின் மேல் சாய்கிறது. மூளையின் இரண்டு பாதிகளும் அதற்கு ஆணை கொடுக்கலாம், அது உடம்பின் இரண்டு பக்கத்துக்கும் போகும், தோளுக்கு நல்ல வலு தரும். ஆனால் அதற்குத் தனித்தனியாகப் பேசத் தெரியாது. தோளைத் தூக்கு என்றால் முழங்கையையும் மடக்கி விரலையும் மூடிவிடும். குரங்குகளில் அந்தப் பெரும் பாதையை இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்த லாரன்ஸ், கய்ப்பர்ஸ் இருவரும் 1968ல் எழுதியது இதற்கு நல்ல சான்று: சில வாரங்களில் அவை ஓடின, கூண்டில் ஏறின, ஆனால் ஒவ்வொரு விரலையும் தனியாக அசைக்கும் திறமை மட்டும் திரும்பவே இல்லை. தீராத வலிப்புக்காக மூளையின் ஒரு பாதியையே எடுத்துவிட்ட குழந்தைகளும் பெரும்பாலும் நடக்கிறார்கள், எதிர்ப்பக்கத் தோளையும் முழங்கையையும் அசைக்கிறார்கள், அந்தப் பக்கத்து விரல்கள்தான் தகராறு.

ஆகவே விரல் நீள்வதுதான் முக்கியமான அறிகுறி. பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரல் கொஞ்சமாவது நீண்டு, தோளும் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்க முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு 6 மாதத்தில் கை ஓரளவு வேலைக்கு வந்தது, இரண்டும் இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான் வந்தது என்று நெதர்லாந்தில் 2010ல் ஒரு ஆய்வு சொன்னது. உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், அதனால் இதை வைத்து மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்த 25 சதவீதத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். மேசைப் பயிற்சியைத் தொடருங்கள், தாங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காற்றில் தம் பிடித்துத் தூக்க வைத்தால் மடங்கும் பழக்கம்தான் ஊறும்.

கேள்வி: நல்ல கையைக் கட்டிப்போட்டு விழுந்த கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை இருக்கிறதாமே? நல்ல கைக்கும் பயிற்சி வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எது சரி?

பதில்: ஆளைப் பொறுத்து இரண்டும் சரி. கட்டிப்போடும் முறை எட்வர்ட் டவ்ப் என்பவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. முடிந்தும் பயன்படுத்தாமல் விட்டுவிடப் பழகுவது பக்கவாதத்தில் நிறைய நடக்கிறது, அதை உடைக்கத்தான் இது. 2006ல் வெளியான சோதனையில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை, கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது.

ஆனால் அதில் சேர விழுந்த கையின் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானே நிமிர வேண்டும் என்று விதி இருந்தது. அசைவே இல்லாத கையோடு இருப்பவரின் நல்ல கையைக் கட்டினால் அவர் சாப்பிடுவது எப்படி, மூக்கைச் சொறிவது எப்படி? அவருக்கு நல்ல கைதான் சோறு போடும் கை, அதற்குத்தான் பயிற்சி. முதல் சில வாரங்களில் மிகக் கடுமையாகச் செய்வதும் கூடாது, அப்படிச் செய்தவர்கள் குறைவாகவே தேறினார்கள் என்று 2009ல் வந்த ஒரு சின்னச் சோதனை காட்டியது. இன்னொன்று, கைத்தடி பிடித்து நடப்பவருக்கு நடக்கும்போது உறை போடவே கூடாது.

கேள்வி: நான் இடது கைக்காரன். வலப்பக்க மூளையில் பக்கவாதம், இடது கை விழுந்தது. பேச்சு தப்பித்தது. எனக்கு எல்லாமே தலைகீழாக இருக்க வேண்டாமா?

பதில்: நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இடது கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு இடப்பக்க மூளையில்தான் இருக்கிறது, உங்கள் பேச்சு தப்பித்தது அதனால் இருக்கலாம். கையசைவிலும் இடது கைக்காரர் வலது கைக்காரரின் கண்ணாடிப் பிம்பம் கிடையாது, இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்குக் குறைவாக இருக்கும். முதல் பதிலில் எழுதிய பங்கீட்டை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கோப்பை எடுத்துப் பாருங்கள், "இடது பக்கப் பலவீனம்" என்று எழுதியிருப்பார்கள், நீங்கள் எழுதுகிற கை அதுதான் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது அதைச் சொல்லி எழுத வையுங்கள், கையெழுத்தையும் பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள்.